முதல் ஸலாம் படலம்

வாழ்க உதுமாலெவ்வை!

கீழ்க்கடலின் நுரை வந்து வாசல் கழுவும் கல்முனைக்குடியில் பிறந்தவர். யுத்த காலத்தில் சீனன்குடா விமானத்தளத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் வானொலிப் பெட்டிகளைக் கழற்றிப் பூட்டிக் கல்வி கற்றவர். அவர்கள் கப்பலேறிப் போன பிறகும் எந்தப் பெட்டியில் எந்தத் திருகாணி முரண்டுபிடிக்கும் என்பதை மறவாதவர். செப்புக்கம்பிச் செல்வர், ஈயச்சூட்டுக்கோல் ஏந்தல், மங்கிய வால்வுகளுக்கு மறுவாழ்வு தரும் மருத்துவர், சட்டைப்பையில் திருப்புளியைக் குத்திக் குத்தியே மனைவிக்குத் தையல் வேலை தீராமற் காத்த பெருந்தகை, தென்னோலைக் கூரைகளுக்கு மேலே ஏரியல் கம்பி கட்டிக் கொழும்பின் பாட்டைக் குடிசைக்குள் இறக்கிய கோமான் வாழ்க, வாழ்க! அவருடைய காதுகளும் வாழ்க! அந்தக் காதுகளால்தான் இத்தனை சங்கடமும் வந்தது.

கேளீர் பெரியோரே, கேளீர் தாய்மாரே! இந்நாட்டில் வாய்க்கால் தண்ணீருக்காக மண்வெட்டிப் பிடிகள் முறிந்ததுண்டு. வலையில் விழுந்த பாரைமீன் எந்தத் தோணிக்கு உரியது என்று ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் ஒரே கடலில் இரு திசைக்குத் துடுப்புப் போட்டதுண்டு. ஆனால் யாம் பாடவந்த போருக்கு மண்ணும் காரணமில்லை, மீனும் காரணமில்லை. ஒரு ஸலாம் காரணம். அதை முதலில் யார் சொல்வது என்பதே வழக்கு.

நடந்தது இதுதான். ஒரு நண்பகலில் உதுமாலெவ்வை சந்தை வீதியில் இருந்த தம் றேடியோக் கடையில், கரிய காதுக்கருவி இரண்டு செவியையும் சிப்பிபோல மூடியிருக்க, யாருடையதோ பழுதான பெட்டிக்குள் ஒளிந்திருந்த இரைச்சலைத் துரத்திக்கொண்டிருந்தார். அவ்வேளை, அவருடைய மனைவி பாத்தும்மாவின் உடன்பிறந்த தம்பி அப்துல் ஸமட், வெள்ளைச் சாரனும் புதுத் தொப்பியுமாக வாசலில் தோன்றி, ஊருக்கே கேட்கும்படி மச்சானுக்கு ஸலாம் சொன்னார். ஊருக்குக் கேட்டது, மச்சானுக்குக் கேட்கவில்லை. ஸமட் கொஞ்சம் நின்றார், தொண்டையைச் செருமினார், தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்ப்பதைக் கண்டார், விடுவிடென்று போய்விட்டார். ஸலாம் சொல்வது நன்மை, அதற்குப் பதில் சொல்வது கடமை என்று பால் மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த ஊரில் இது சின்ன விஷயமா? பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் கல்முனைக்குடி முழுவதும் செய்தி பரவிவிட்டது. கடைசியாக அறிந்தவர் உதுமாலெவ்வைதான்.

அறிந்ததும் அவர் நேரே போய், "கேக்கல்ல மச்சான்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தக் காவியம் பிறந்தே இராது. ஆனால் வீரர்கள் அப்படியா செய்வார்கள்?

"செவியில் விழாத ஸலாத்துக்கு எம்மைக் குற்றவாளியாக்கி ஊர்முழுதும் உரைத்தவர், இனித் தாமே வந்து முந்தட்டும்! யாம் மூத்தோம். இளையோர் மூத்தோருக்கு ஸலாம் முந்தவேண்டும் என்பது மார்க்கம்!" என்று நம் நாயகர் கடைப் பலகையில் தட்டி முழங்கினார்.

ஸமட் மட்டும் சளைத்தவரா? "நடந்து வருபவர் இருப்பவருக்கு முந்தவேண்டும், வாகனத்தில் வருபவர் நடப்பவருக்கு முந்தவேண்டும் என்பதும் மார்க்கமே! யாம் இருக்கின்றோம், அவர் வரட்டும்!" என்று பிரகடனம் செய்து, அன்றிலிருந்து போன இடத்திலெல்லாம் முதல் வேலையாக உட்கார்ந்துகொண்டார். இருவரில் முந்தி ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதை இருவரும் பள்ளிவாசலில் ஒரே பாயில் அருகருகே இருந்துதான் கேட்டார்கள். என்ன மாயமோ, இரண்டு பேருக்கும் அது மட்டும் மறந்துபோயிற்று.

இந்தச் சங்கிராமத்தில் அடிபட்டவள் பாத்தும்மா. தாயை இளமையிலேயே இழந்த ஸமட்டை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவளுக்கென்று ஒரு பிள்ளை வாய்க்கவில்லை. மருதமுனையில் பெண்ணெடுத்து அங்கேயே குடியிருந்த ஸமட்டுக்கு, கனகாலம் காத்திருந்த பிறகு ஆண்பிள்ளை பிறந்தது. முடி களைந்தார்கள், பேர் வைத்தார்கள், நாற்பது நாளும் கழிந்தது. மாமி பாத்தும்மா போகவில்லை. புருஷனும் தம்பியும் ஒரே சஹன் தட்டைச் சுற்றியிருந்து கைவைத்துச் சாப்பிட மாட்டார்கள் என்று ஆன பிறகு, எந்த முகத்தோடு அந்த வாசலை மிதிப்பது? மருதமுனையிலிருந்து நெசவுச் சாரன் விற்க வரும் பெண்களை இருத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "புள்ளட மூக்கு ஆருட மூக்கு?" என்று கேட்பாள். ஒருத்தி உம்மாவின் மூக்கு என்பாள். அடுத்த கிழமை வருபவள், இல்லை, அப்படியே மாமியின் மூக்கு என்பாள். பாத்தும்மா சிரித்துக்கொண்டு சாரனுக்கு விலை கேட்பாள், அவள் போனதும் குசினிக்குள் போய் அழுவாள்.

இப்படியிருக்க, கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்துக்கு இஞ்சினியர்மாரை ஏற்றியிறக்கும் சின்னக் கம்பனி ஒன்று தன் ஒற்றை விமானத்துக்குப் புதிய வீ.எச்.எஃப். வானொலிச் செட் பூட்ட ஆள் தேடியது. இரண்டடுக்குச் சிறகும், துணி போர்த்த மரவுடம்பும், ஏறும்போது இருமும் இரண்டு எஞ்சின்களும் கொண்ட முதுபெரும் பறவை அது. அதிலிருந்த பழைய பெட்டியில் கதைப்பதென்றால் வானத்தில் நீளக் கம்பியொன்றை வாலாகத் தொங்கவிட வேண்டும். இறங்குமுன் சுற்றியெடுக்க மறந்தால் வால் யாராவது ஒருவருடைய வேலியைக் கிளப்பிக்கொண்டு வரும். புதிய செட்டுக்கு முதுகில் ஒரு சின்னக் குச்சி போதும், கண்ணெட்டும் தூரமெல்லாம் குரல் துலக்கமாய்ப் போகும். கம்பனி கண்டெடுத்த ஆள் உதுமாலெவ்வை. அம்பாறை ஓடுபாதையோரம் தகரக் கொட்டிலில் இருந்து, காற்றின் திசை காட்டும் துணியை ஏற்றுவதும், பாதையில் மேயும் எருமைகளை விரட்டுவதும், விமானத்தோடு கதைத்து அதை இறக்குவதும் தொழிலாகக் கொண்ட தரைக்காவலர் யாரென்றால், சாட்சாத் அப்துல் ஸமட்.

அங்கே மூண்டது உட்காரும் போர். கம்பனி லொறி தூரத்தில் புழுதி கிளப்பும்போதே ஸமட் கதிரையில் அமர்ந்துவிடுவார். உதுமாலெவ்வை லொறியிலிருந்து குதித்து, ஓரடி வைக்குமுன் திருப்புளியும் குறடும் நிறைந்த ஆயுதப்பெட்டியைத் தரையில் போட்டு அதன்மேல் தாமும் அமர்ந்துவிடுவார். இனி யார் வருபவர், யார் இருப்பவர்? சிங்காசனம் ஏறிய இரண்டு மன்னர்கள் கைக்கெட்டும் தூரத்தில் எதிரெதிரே வீற்றிருக்க, நடுவில் நின்றவர் விமானி கப்டன் தொடங்கொட. காலிப் பக்கத்துச் சிங்கள மனிதர், நல்ல மீசை, தமிழ் சுத்தமாகத் தெரியாது. இந்த இருவருக்கும் இடையில் தூது போய்த்தான் அவர் தமிழ் படித்தார்.

"கப்டன், பெட்டரியில சாச் இல்ல எண்டு அவருக்குச் செல்லுங்க."

"ஸமட், உதுமா சொல்லுது, பெட்டரி சாச் இல்லை."

"அது எனக்கும் தெரியும் எண்டு செல்லுங்க, கப்டன்."

"உதுமா, ஸமட் சொல்லுது, அதுக்கும் தெரியும்."

ஒருநாள் பொறுமையிழந்த கப்டன் காரணம் கேட்டார். இருவரும் அவரவர் மார்க்க விளக்கத்தைத் தனித்தனியே, நீளமாக, கைகாட்டிச் சொன்னார்கள். கப்டனுக்கு விளங்கியது கொஞ்சம்தான்: ஏதோ ஒரு சொல் இருக்கிறது, அது வராமல் இந்தக் கரையில் ஒரு வேலையும் நடக்காது.

இனி நம் நாயகரின் திக்கு விசயத்தைச் சொல்வாம். குச்சி ஏரியலுக்குக் கீழே உலோகத் தரை வேண்டும், விமானமோ மரமும் துணியும் என்று அறிந்த அவர், மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை வெட்டி விரித்துத் தட்டித் தட்டித் தாளாக்கி, பறவையின் முதுகுத் துணிக்குள் பதித்து, அதன் நடுவே குச்சியை நாட்டினார், வென்ற நாட்டில் கொடி நாட்டுவதைப்போல. அதிர்ச்சியில் வால்வுகள் கழன்று விழாதிருக்க, செட்டை ரப்பர்க் கால்களில் நிறுத்தி இருக்கைக்குக் கீழே குடியேற்றினார். பிறகு எஞ்சினை முடுக்கினார்கள். அப்போது எழுந்தது பாருங்கள் அந்த இரைச்சல்! எஞ்சினுக்குள் பொறிதட்டும் ஒவ்வொரு பிளக்கும் செட்டுக்குள் நுழைந்து, சட்டியில் கடுகு வெடிப்பதுபோலச் சடசடவென்று காதைக் கிழித்தது. உதுமாலெவ்வை அஞ்சவில்லை. பிளக்கு வயர்கள் அத்தனைக்கும் பின்னிய செம்புக் கவசம் பூட்டி, கவசத்தை எஞ்சினின் உடம்போடு இறுக்கி, இறுகாத இடத்தைச் சுரண்டித் திரும்ப இறுக்கி, முழங்கையில் சூடும் முகத்தில் கரியுமாக நாட்கணக்கில் பொருது, இறுதியில் சடசடப்பைக் கொன்று, அது கிடந்த இடத்தில் மெல்லிய "ஸ்ஸ்ஸ்" என்ற அமைதியை ஆளவைத்தார். அந்த அமைதியைக் கேட்டு அவர் கண் மூடிய மூடல், ஐந்து போகம் விளைந்த வயற்காரப் போடியாருக்கும் வராது.

கொட்டிலிலும் அதேபோல் ஒரு செட் பூட்டினார். இரண்டு செட்டும் ஒரே அலையில் கதைப்பவை. வாய்க்கருவியில் ஒரு பொத்தான். பொத்தானை அமத்தினால் உங்கள் குரல் போகும், அந்நேரம் உங்களுக்கு ஒன்றும் கேளாது. விட்டால்தான் கேட்கும். இதை எதிரிக்கு எப்படிச் சொல்வது? வாயால் சொல்ல வழியில்லையே! ஆகவே இரண்டு தகரத் துண்டில் "அமத்தினா வாய், உட்டா காது" என்று வெள்ளைப் பெயின்டால் தம் கைப்படப் பொறித்து, ஒன்றை விமானத்திலும் மற்றதைக் கொட்டிலிலும் அறைந்தார். இச்சாசனத்தை மறவாதிருப்பீராக, எழுதியவர் மறந்தார்.

பரீட்சை நாள் புலர்ந்தது. விமானம் கடலோரம் வரை பறக்க வேண்டும், அங்கிருந்து தரையை அழைக்க வேண்டும், ஓடுபாதையில் எருமை இல்லை என்று ஸமட் சொல்ல வேண்டும், கேட்டு இறங்க வேண்டும். செட்டைப் பூட்டியவரே ஏறிக் கதைத்துக் காட்டவேண்டும் என்பது கப்டனின் கட்டளை. வீட்டை விட்டுப் புறப்பட்ட வீரரின் முன்னே பாத்தும்மா வந்து நின்றாள்.

"இஞ்சாருங்க, இண்டைக்கி அவனோட கதைக்கத்தானே போறீங்க. கதைக்கிற வாயால மொதல்ல ஒரு ஸலாத்தச் செல்லுங்க. ஆகாயத்துல ஆரு பாக்கப் போறா?"

"மார்க்கம் ஆகாயத்துலயும் மார்க்கந்தான்."

"ஓம், வீம்பும் ஆகாயத்துலயும் வீம்புதான்" என்றாள் அவள். பிறகு குரல் இறங்கிப்போயிற்று. "எனக்கு அந்தப் புள்ளய ஒருக்காக் கையில தூக்கணும். வேறொண்டும் நான் கேக்கல்ல."

உதுமாலெவ்வை செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார், லொறியில் ஏறிய பிறகுதான் அதைக் கண்டார்.

எழுந்தது பறவை! சம்மாந்துறை வயல்கள் பச்சைப் பாயாய் விரிய, வீரமுனைக் கோயில் கோபுரம் காலடியில் கடந்து போக, கீழ்க்கடல் நீலக் கோடாய்க் கிழக்கே நிமிர, மேகத்தின் முதுகில் ஏறியது பறவை! காதுக்கருவி பூண்டு, வாய்க்கருவி ஏந்தி, வார்ப்பட்டியால் இருக்கையோடு பிணிப்புண்டு, வலப்பக்கத்தில் வீற்றிருந்தார் உதுமாலெவ்வை. கீழே கொட்டிலில், எருமைகளை விரட்டிய களைப்போடு கதிரையில் சாய்ந்து, அதேபோல் காதும் வாயும் பூண்டு காத்திருந்தார் அப்துல் ஸமட். இருவருக்கும் இடையே ஒரு நாட்டு வெளி, அந்த வெளி முழுவதும் "ஸ்ஸ்ஸ்."

யார் முந்துவது?

ஸலாமில்லாமல் கதை தொடங்கினால் அது மரியாதை கெட்ட செயல். ஸலாமோடு தொடங்கினால் அது சரணாகதி. வாகனத்தில் வருபவர் முந்தவேண்டும் என்ற எதிரியின் வாதம் இன்று முன்னெப்போதையும் விட வலுத்திருப்பதை நம் நாயகர் உணர்ந்தார். விமானத்தை விடப் பெரிய வாகனம் எது? ஆயினும் அவருடைய மதி வாடவில்லை. "பறப்பது விமானம்! யாமோ பட்டி கட்டி இருக்கின்றோம்! ஆகவே யாமும் இருப்பவரே!" என்று மனத்துக்குள் தீர்ப்பெழுதி, பொத்தானைத் தொடாமல் விரலை மடக்கிக்கொண்டார். கொட்டிலிலோ, "தலைக்கு மேலே வாகனத்தில் திரிபவர் வாய் திறக்கட்டும்" என்று ஸமட்டின் விரலும் மடங்கியது. முன்னோர் போர்களில் முரசு அதிர்ந்தது, யானை பிளிறியது. இந்தப் போரில் ஒரு சத்தமும் இல்லை. அதுதான் இந்தப் போரின் கொடுமை.

"உதுமா, கதை! ஏன் கதைக்காது?" என்றார் கப்டன்.

"கேட்டுக்கிட்டிரிக்கன், கப்டன்."

"என்ன கேக்குது?"

"ஒண்டும் கேக்கல்ல."

"செட் செத்ததா?"

நாட்கணக்கில் தாம் பொருது வென்ற செட்டைச் செத்தது என்று ஒருவர் சொல்லக் கேட்டும் உதுமாலெவ்வை வாய் திறக்கவில்லை. அப்படிப்பட்ட வீரம்!

விமானம் கரைக்கு மேலே வந்து சரிந்து திரும்பியது. கீழே கல்முனைக்குடி. பள்ளிவாசலின் வெள்ளை, கருவாடு காயும் மணல், வடக்கே மருதமுனையில் சாயம் தோய்த்துக் கொடியில் போட்ட நூல்கள் சிவப்பும் மஞ்சளுமாய். அந்த வெள்ளைக்கும் அந்தச் சிவப்புக்கும் நடுவில் கிடந்த தூரம் மேலேயிருந்து பார்க்க ஒரு சாண்கூட இல்லை. தம் வீட்டு வளவை அவர் தேடினார். கிணறு தெரிந்தது. கிணற்றடியில் ஒரு பெண், முக்காட்டுக்கு மேலே கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள். பாத்தும்மாவா, பக்கத்து வீட்டுக்காரியா என்று அந்த உயரத்தில் சொல்ல முடியாது. உதுமாலெவ்வைக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு சாண் தூரத்தில் இருக்கும் பிள்ளையை இவள் இத்தனை நாளாகத் தூக்காமலிருக்கிறாள், அதற்கு நான் காரணம் என்று நினைத்தார். மூத்தவராவது, இளையவராவது! அமத்தினார் பொத்தானை. "அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு" என்று ஒரு குறையும் இல்லாமல் முழுதாகச் சொன்னார்.

இனி நடந்ததைச் சொல்ல எமக்கே கூச்சமாக இருக்கிறது. அந்த நொடியில்தான், கொட்டிலில் இருந்த ஸமட், தலைக்கு மேலே ஒரு ஓசையும் இல்லாத அமைதியில் தனியே இருந்து இருந்து, சிறுவயதில் காய்ச்சலில் கிடந்தபோது ராத்தா பாத்தும்மா தோளில் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் ஓடியதை எதற்காகவோ நினைத்து, கண் கலங்கி, மார்க்க வாதங்களையெல்லாம் கதிரைக்கடியில் போட்டுவிட்டுப் பொத்தானை அமத்தினார். அவரும் முழுதாகவே சொன்னார். இருவரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடித்தார்கள். அமத்தியவருக்கு வாய் உண்டு, காது இல்லை. இரண்டு வாயும் வானத்தில் நடுவழியில் முட்டிக்கொள்ள, கேட்க ஒரு காதும் இல்லாமற்போயிற்று. இருவரும் பொத்தானை விட்டார்கள். "ஸ்ஸ்ஸ்" என்றது வெளி.

பதிலுக்குக் காத்திருந்தார் உதுமாலெவ்வை. பதிலுக்குக் காத்திருந்தார் ஸமட். காத்திருக்கக் காத்திருக்க உதுமாலெவ்வையின் முகம் ஈயச் சூட்டுக்கோலின் நுனியைப்போல் சிவந்தது. சொல்லாமல் விட்டால் அது வீம்பு. சொன்ன ஸலாத்துக்குப் பதில் தராமல் விட்டால் அது என்ன? மனிதனா அவன்! "கேட்டிரோ திசைகாள்! மூத்தோன் முந்தினோம், இளையோன் வாய்மூடினான்! இனி இப்பிறப்பில்..." என்று மாபெரும் சபதமொன்று அவர் நெஞ்சில் உருளத் தொடங்கியது. கொட்டிலிலும் சொல்லுக்குச் சொல் அதே சபதம் உருண்டது. பெயர் மட்டும் வேறு. கண்ணெதிரே தகரத்தில் தம் கையெழுத்து வெள்ளையாய்ப் பளிச்சிட்டுக்கொண்டிருந்ததை இருவரில் எழுதியவராவது பார்த்திருக்கலாம். கோபம் வந்தவர் எழுத்துப் பார்ப்பாரா?

இதற்குள் பறவை ஓடுபாதைக்கு மேலே திரும்பி வந்து வட்டமிட்டது. பாதையில் சில கறுப்புத் திட்டுகள். அவை எருமையா, மேக நிழலா? கப்டன் தொடங்கொட எட்டிப் பார்த்தார், எண்ணெய் முள்ளைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த சிவந்த முகத்தைப் பார்த்தார். உதுமா அந்தச் சொல்லைச் சொன்னதை அவர் தம் காதுக்கருவியில் கேட்டிருந்தார். சொல் சரிதான், சத்தம் போதவில்லை என்று முடிவு கட்டினார். வாய்க்கருவியைப் பறித்தார், பொத்தானை அமத்தினார், காலித் துறைமுகத்துக்கே கேட்கும் குரலில் கூவினார்.

"ஸலாமலைக்கும்! ஸலாமலைக்கும்! எருமை இருக்கா?"

செட்டுக்குள் போய் வரும் குரல்கள் எல்லாம் மூக்கடைத்த ஒரே குரல்தான். ஸமட் கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தார். இருப்பவர் என்ற தம் பதவியை அவர் இழந்தது அந்தக் கணத்தில்.

"வஅலைக்கும் ஸலாம்! வஅலைக்கும் ஸலாம் மச்சான்! எருமயெல்லாம் வெரட்டிட்டன், அது மேகத்துட நெழல், நீங்க எறங்குங்க! நானும் இப்பதான் ஒங்களுக்கு ஸலாம் சென்னன், பதிலக் காணல்ல, கோவத்துல இருந்துட்டன் மச்சான். ஒங்களுக்குக் கேக்கல்லியா?"

"ஆ, மச்சான்!" என்று மலர்ந்தார் கப்டன். அவர் ஊரிலும் கூட்டாளிமார் ஒருவரை ஒருவர் அப்படித்தான் அழைப்பார்கள். "ஸமட் நல்ல ஆள்! என்னை மச்சான் சொல்லுது!"

உதுமாலெவ்வை ஸமட்டின் சொற்களை மனத்துக்குள் புரட்டினார். இப்பதான் சென்னன். பதிலக் காணல்ல. மெல்லத் தலை நிமிர்த்தி அந்தத் தகரத்தைப் படித்தார். அமத்தினா வாய். உட்டா காது. மறுபடியும் படித்தார். காதில்லாமல் இரண்டு வாய் மட்டும் கதைத்த கதை அப்போது விளங்கியது. இன்று விளங்கியதோடு, காதுக்கருவி மாட்டியிருந்த அந்த நண்பகலும் சேர்ந்து விளங்கியது.

இங்கே வெற்றியின் வாசல் இரண்டு பக்கமும் திறந்து கிடந்ததைக் கவனிப்பீராக. முதலில் சொன்னவர் தாமே என்று ஸமட் தம் வாயால் ஒப்புக்கொண்டாயிற்று. இப்போது கேட்ட ஸலாம் என்னுடையதல்ல, கப்டனுடையது என்று ஒரு வார்த்தை போதும். இளையவன் முந்தினான், மூத்தவன் வென்றான் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரியலாம். வாய்க்கருவியைக் கப்டனிடமிருந்து அவர் வாங்கியபோது அந்த ஆசை அவருக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. கொஞ்ச நேரம் தங்கியும் இருந்தது.

பிறகு பொத்தானை அமத்தி, "கேக்கல்ல மச்சான்" என்றார். விரலை எடுக்காமல் மூச்சு வாங்கிக்கொண்டு, "அண்டைக்கிக் கடையிலயும் கேக்கல்ல" என்றார். நினைவாக விரலை எடுத்துவிட்டுக் காது கொடுத்தார்.

"ஸ்ஸ்ஸ்" அறுந்தது, ஸமட் பொத்தானை அமத்தினார். எருமை ஒன்று எங்கோ கத்துவது கேட்டது. பிறகு, "ராத்தாவக் கூட்டிட்டு வாங்க மச்சான்" என்றார் ஸமட்.

இறங்கியது பறவை! புழுதி மேகம் வானளாவ, விரட்டப்பட்ட எருமைகள் வயல்வெளியெங்கும் வாலுயர்த்தி ஓட, எஞ்சினிரண்டும் கடைசி முறையாக இருமி அடங்க, "ஹரி, சரி! செட் நல்ல செட்!" என்று கப்டன் எண்டிசையும் அறியப் பிரகடனம் செய்ய, மாற்றிப் போட்ட செருப்போடு நம் வீரர் மண்ணில் குதிக்க, கதிரையில் இல்லாத தரைக்காவலர் பாதி வழி ஓடிவர, பொத்தான் தேவைப்படாத அந்த வெளியில் இருவரும் மறுபடி ஒரே நேரத்தில் ஸலாம் சொல்லி, இம்முறை இருவருக்கும் கேட்டு, ஆரத்தழுவி, கம்பனி லொறி தேராக, புழுதி குடையாகக் கல்முனைக்குடி புகுந்து, வாசலில் நின்ற பாத்தும்மாவை ஒரு விளக்கமும் சொல்லாமல் முன்னாசனத்தில் ஏற்றி, அவள் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தபடி புருஷனையும் தம்பியையும் வாய் ஓயாமல் ஏச, ஏச்சையே வாழ்த்தொலியாக ஏற்று, கடற்காற்று சாமரம் வீச, சாயநூல் கொடிகள் தோரணமாக அசைய, மருதமுனைத் தெருவெல்லாம் கதவு திறந்து பார்க்க, வெற்றி யாருடையது என்று ஒருவரும் கேளாத அந்த மாபெரும் வெற்றி ஊர்வலம் ஸமட்டின் வாசலை அடைந்தது.

பிள்ளை நித்திரையாயிருந்தது.